பழைய ட்ராக் பந்தய சைக்கிள் ஃபிரேம்: கோணம், நீளம், உயரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் பழைய சைக்கிள் ஃபிரேம் அளந்து பார்க்கிற ஆள் என்று என் பெயர் எப்படியோ பரவிவிட்டது. ஓசூர், காவேரிப்பட்டணம், பாலக்கோடு, தருமபுரி என்று சுற்று வட்டாரத்திலிருந்து, பெங்களூரில் கைமாறி வந்த ட்ராக் ஃபிரேம்களைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். ஃபிரேம் ஆளுக்கு ஒன்று, சந்தேகம் எல்லோருக்கும் ஒன்றேதான். அடுத்து வருபவருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும் என்று எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். பைப்புகளுக்கு நம் கடைகளில் புழங்கும் பெயர்கள்தான்: மேல் பார், கீழ் பார், சீட் பைப், ஹெட் பைப் (ஹேண்டிலுக்குக் கீழே முன்னால் நிற்பது), பிபி (பெடல் அச்சு உட்காரும் கூடு). பேசுவதெல்லாம் ஏறத்தாழ 1930 முதல் 1980கள் வரையிலான இரும்பு ஃபிரேம்களைப் பற்றி.

1. அண்ணா, ட்ராக் சைக்கிள்னா கியர் இல்லாத சைக்கிள்தானே?

கியர் இல்லை, பிரேக் இல்லை, ஃப்ரீவீலும் இல்லை. பின் சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே தீரும். வெலோட்ரோம் என்கிற வட்டப் பந்தயத் தளத்தில் மட்டும் ஓட்டுவதற்குச் செய்த வண்டி. நம் நாட்டில் டெல்லி இந்திரா காந்தி அரங்கத்தில் 250 மீட்டர் மரத்தளம் இருக்கிறது. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் உள்ள எல்.என்.சி.பி.இ. உடற்கல்விக் கல்லூரி வளாகத்திலும் ஒரு வெலோட்ரோம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரியில் இந்த ஃபிரேம் வைத்திருப்பவர் எல்லோரும் அதைச் சாலையில்தான் ஓட்டுகிறார்கள். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு அதுதான் காரணம்.

2. ஜியாமெட்ரி ஜியாமெட்ரின்னு சொல்றாங்களே, அதுல எதையெல்லாம் பார்க்கணும்?

ஹெட் பைப் தரையோடு எத்தனை டிகிரியில் நிற்கிறது, சீட் பைப் எத்தனை டிகிரி, ஃபோர்க் முன்னால் எவ்வளவு வளைந்திருக்கிறது, பிபி தரையிலிருந்து எவ்வளவு உயரம், பிபியிலிருந்து பின் அச்சு எவ்வளவு தூரம், இரண்டு அச்சுக்கும் நடுவே மொத்த வீல்பேஸ் எவ்வளவு. இவ்வளவுதான்.

1960, 70களின் ட்ராக் ஃபிரேம் ஒன்றை எடுத்தால் ஹெட் பைப் 74 முதல் 75 டிகிரி, சீட் பைப் 73 முதல் 75, ஃபோர்க் வளைவு 30 முதல் 40 மி.மீ., பிபி உயரம் 280 மி.மீ. சுற்றி, வீல்பேஸ் 950 முதல் 980 மி.மீ. இருக்கும். அதே காலத்து ரோடு பந்தய வண்டியில் ஹெட் பைப் 73, வளைவு 45, வீல்பேஸ் 1,000 மி.மீ. பக்கம் வரும். நம் வீட்டுப் பெரிய சைக்கிளில் ஹெட் பைப் 68 டிகிரி சுற்றித்தான், வீல்பேஸ் 1,100 மி.மீட்டரைத் தாண்டும்.

இதில் ஒரு எண்ணை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு பேசுவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் தொடக்கம். அடுத்த கேள்வியே அப்படிப்பட்டதுதான்.

3. ஹெட் ஆங்கிள் 75 டிகிரின்னா வண்டி வேகமாப் போகும், அப்படித்தானே?

இல்லை. கோணம் வேகத்தைத் தராது. பெல்ஜிய வீரர் எட்டி மெர்க்ஸ் 1972 அக்டோபரில் மெக்சிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டினார். அந்த வண்டியைக் கட்டியவர் இத்தாலியக் கட்டுநர் எர்னெஸ்டோ கொல்நாகோ. எடை 6 கிலோவுக்கும் கீழே. எடையைக் குறைக்க பாகங்களில் துளை போட்டு இழைத்தார்களே தவிர, ஃபிரேமின் வடிவம் அன்றைய வழக்கமான வடிவம்தான். வேகம் மெர்க்ஸின் காலிலும், மெக்சிகோ நகரத்தின் உயரத்தில் காற்று மெலிந்திருந்ததிலும் இருந்தது.

ஹெட் பைப் நிமிர்ந்திருப்பதால் முன் சக்கரம் ஓட்டுபவருக்குக் கிட்டே வருகிறது, வண்டி நீளம் குறைகிறது. கூட்டத்துக்கு நடுவே ஒரு கையகல இடைவெளி கிடைத்தால் சட்டென்று நுழைய அது உதவும். நிமிர்ந்த கோணத்தின் வேலை அவ்வளவுதான்.

4. அப்போ 75 டிகிரி வண்டி கையில நிக்காதுன்னு சொல்றாங்களே, அதுவும் பொய்யா?

பாதிப் பொய். ஹெட் பைப்பின் நடுக்கோட்டை அப்படியே நீட்டித் தரையைத் தொடவிடுங்கள். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிக்குப் பெயர் ட்ரெயில். முன் சக்கரம் தானாக நேராகிக்கொள்ளும் குணம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது. கணக்கு இதுதான்: சக்கரத்தின் ஆரத்தை ஹெட் கோணத்தின் கொசைனால் பெருக்கி, அதிலிருந்து ஃபோர்க் வளைவைக் கழித்து, மிச்சத்தைக் கோணத்தின் சைனால் வகுக்க வேண்டும்.

போட்டுப் பார்க்கலாம். ட்ராக் வண்டி: ஆரம் 335 மி.மீ., கோணம் 75, வளைவு 32. ட்ரெயில் ஏறத்தாழ 57 மி.மீ. ரோடு வண்டி: ஆரம் 336, கோணம் 73, வளைவு 45. ட்ரெயில் 56. பெரிய சைக்கிள்: ஆரம் 355, கோணம் 68, வளைவு 75 என்று வைத்தால் 62 அல்லது 63. கோணத்தில் 7 டிகிரி வித்தியாசம், ட்ரெயிலில் அரை விரலுக்கும் குறைவு! கோணத்தை நிமிர்த்தியவர்கள் கூடவே ஃபோர்க் வளைவையும் குறைத்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

அப்படியானால் ஓட்டும்போது துள்ளுவது போலத் தெரிகிறதே என்றால், அது பெரும்பாலும் குட்டையான வீல்பேஸினாலும், பாரம் முன் சக்கரத்தின் மேல் அதிகம் விழுவதாலும்தான். நிமிர்ந்த கோணத்தில் இன்னொன்றும் நடக்கும். மெதுவாகப் போகும்போது ஹேண்டில் ஒரு பக்கம் தொங்கி விழப் பார்ப்பது குறையும். பெரிய சைக்கிளைக் கையில் தள்ளிக்கொண்டு போனால் ஹேண்டில் மடங்கி மடங்கி விழுமே, அந்தத் தொல்லை ட்ராக் வண்டியில் குறைவு.

5. பிபி ஏன் இவ்வளவு உயரத்துல இருக்கு? கால் தரைக்கு எட்டவே மாட்டேங்குது.

வெலோட்ரோமின் சரிவினால். 250 மீட்டர் தளங்களில் வளைவுகள் 42 முதல் 45 டிகிரி வரை சாய்ந்திருக்கும். ஓடுவது இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். வேகமாகப் போகும்போது வண்டி தளத்துக்குச் செங்குத்தாகச் சாய்ந்துகொள்ளும், பிரச்சினை இல்லை. மெதுவாகப் போனால் வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் தளம் சாய்ந்தே இருக்கும். அப்போது மேட்டுப்பக்கத்தில் இருக்கும் வலது பெடல் தளத்தை உரசப் பார்க்கும். ஃப்ரீவீல் இல்லாததால் பெடலை மேலே நிறுத்திவைத்துத் தப்பிக்கவும் வழியில்லை.

அதனால் பிபியைத் தூக்கிவிட்டார்கள். ரோடு வண்டியில் பிபி அச்சுக் கோட்டுக்கு (இரு சக்கர அச்சுகளையும் இணைக்கும் கோடு) 70 மி.மீ. கீழே இருந்தால், ட்ராக் வண்டியில் 50 முதல் 60 மி.மீ. மட்டும்தான். பெடலைத் தாங்கும் கையான கிராங்கும் 165 மி.மீ. என்று குட்டையாகவே போடுவார்கள். நம் ஊரில் இதனால் கிடைக்கும் ஒரே லாபம், பஞ்சாயத்துச் சாலை வேகத்தடைகளில் பிபி இடிக்காது. கால் எட்டாததற்கு ஃபிரேம் பெரியது என்று அர்த்தமில்லை. இறங்கி நில்லுங்கள், அவ்வளவுதான்.

6. பின் சக்கரம் சீட் பைப்பை ஒட்டிக்கிட்டு நிக்குது. அளவு தப்பா கட்டிட்டாங்களா?

சரியாகத்தான் கட்டியிருக்கிறார்கள். பிபியிலிருந்து பின் அச்சுக்கு 380 முதல் 395 மி.மீ. வைப்பது வழக்கம். ரோடு வண்டியில் 410, 420 வரும். பின்பகுதி குட்டையாக இருந்தால், எழுந்து நின்று மிதிக்கும்போது பைப்புகள் நெளிவது குறையும் என்பது அன்றைய கட்டுநர்களின் நம்பிக்கை. அதில் உண்மை உண்டு, ஆனால் சிலர் பெருமைக்காகவும் டயரைச் சீட் பைப்பில் உரசும் அளவுக்குக் கொண்டுபோனார்கள்.

பின் அச்சு உட்காரும் ஸ்லாட் நீளமாக இருப்பதால் இந்த அளவு நிலையானதும் இல்லை. பின் பல்சக்கரத்தில் ஒரு பல் கூட்டினால் அச்சு 3 மி.மீட்டருக்குச் சற்று மேல் முன்னால் வரும். 14 பல்லிலிருந்து 17 பல்லுக்கு மாறினால் ஏறத்தாழ ஒரு செ.மீ. அப்போது டயர் சீட் பைப்பைத் தொடலாம். செயினில் ஒரு இணைப்பைக் கூட்டிவிட்டுப் பாருங்கள்.

7. திரும்பும்போது ஷூ முனை முன் டயர்ல படுது. சின்ன ஃபிரேமை வாங்கிட்டேனா?

முன் சக்கரம் கிட்டே இருப்பதன் விலை இது. பிபியிலிருந்து முன் அச்சுக்கு 570 மி.மீ. என்றால், சக்கர ஆரம் 335 போக மிச்சம் 235. கிராங்க் 165, அதற்கு முன்னால் ஷூ நீட்டிக்கொண்டிருப்பது 100 என்றால் 265 ஆகிவிடுகிறது. 3 செ.மீ. மோதத்தான் செய்யும். வெலோட்ரோமில் ஹேண்டிலை அவ்வளவு தூரம் யாரும் திருப்புவதில்லை, அதனால் யாரும் கவலைப்படவில்லை.

நமக்குச் சிக்கல் வருவது கூட்டத்தில் ஊர்ந்து போகும்போதுதான். தருமபுரி பேருந்து நிலையத்துக்கு முன்னால் ஆட்டோவைச் சுற்றித் திரும்புகிறீர்கள், பெடல் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஷூ டயரில் மாட்டுகிறது, விழுகிறீர்கள். மட்காட் போட்டால் இன்னும் மோசம். பாதத்தைப் பெடலில் சற்றுப் பின்னால் வைத்துப் பழகலாம், 165-க்கும் குட்டையான கிராங்க் கிடைத்தால் போடலாம். ஃபிரேமை மாற்றியும் பயனில்லை, அடுத்த அளவு ட்ராக் ஃபிரேமிலும் இதே கதைதான்.

8. எங்க தாத்தாவோட ஹெர்குலிஸ்லயும் பின் ஸ்லாட் பின்பக்கம்தான் திறந்திருக்கு. அப்போ அதுவும் ட்ராக் ஃபிரேமா?

நல்ல கண். சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ பெரிய சைக்கிள்களில் ஸ்லாட் பின்னோக்கித்தான் திறந்திருக்கும். கியர் இல்லாத வண்டியில் செயினை இறுக்க, சக்கரத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். அதற்கு அது வசதி. ட்ராக் வண்டியிலும் காரணம் அதேதான். கூடவே, மிதிக்கும் விசை அச்சை முன்னோக்கி இழுக்கும், முன்பக்கம் மூடியிருப்பதால் சக்கரம் கழன்று ஓடாது.

ஒற்றுமை அங்கே முடிந்துவிடுகிறது. பெரிய சைக்கிளில் அது அழுத்தி வெட்டிய மெல்லிய தகடு. ட்ராக் ஃபிரேமில் அடித்து உருவாக்கிய தடித்த எஃகு. கோணங்களும் வீல்பேஸும் இரண்டாம் கேள்வியில் சொன்னபடி எட்டாத தூரம். பெரிய சைக்கிளின் ஃப்ரீவீலைப் பற்றவைத்து ‘ஃபிக்ஸி’ ஆக்குகிறார்கள் சிலர். வேண்டாம். உண்மையான ட்ராக் ஹப்பில் பல்சக்கரத்துக்கு வெளியே இடப்புரியில் ஒரு பூட்டு வளையம் இருக்கும். பெடலைப் பின்னால் அழுத்தும்போது பல்சக்கரம் கழலாமல் அது பிடித்துக்கொள்ளும். சாதாரண ஹப்பில் அந்த வளையம் கிடையாது, பெடலை அழுத்தி நிறுத்தப் பார்க்கும் அதே நொடியில் பல்சக்கரம் கழன்றுவிடும்.

9. ஃபோர்க் கால் ரெண்டும் உருண்டையா இருக்கே. ரோடு ஃபோர்க்ல முட்டை வடிவமால்ல இருக்கும்?

முட்டை வடிவம் முன்பின்னாகப் பலம். அங்கே பிரேக் பிடிக்கும் விசையைத் தாங்க வேண்டும். ட்ராக்கில் பிரேக் இல்லை, விசை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 22 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பினால், வண்டியும் ஆளும் சேர்ந்த பாரம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். 80 கிலோ என்பது ஏறத்தாழ 130 கிலோவாகச் சக்கரத்தை அழுத்துகிறது. அதன் மேல் ஸ்பிரிண்ட் ஓட்டுபவர் ஹேண்டிலை இடம் வலமாகப் பிடுங்குகிறார். பக்கவாட்டில் நெளியாமல் இருக்க உருண்டைக் குழாய் நல்லது என்று போட்டார்கள்.

வாங்கும்போது இதைப் பாருங்கள். ட்ராக் ஃபிரேம் என்று சொல்லி விற்பதில் ஃபோர்க் கால் முட்டை வடிவமாக இருந்தால் ஃபோர்க் மாறியிருக்கலாம். ரோடும் ட்ராக்கும் சேர்ந்து ஓட்டக் கட்டிய பழைய ஆங்கிலேய ஃபிரேமாகவும் இருக்கலாம், பதினோராம் கேள்வியில் வருகிறது.

10. ஸ்பிரிண்ட், பர்சூட், கெய்ரின்னு எத்தனையோ பந்தயம் இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே ஃபிரேம்தானா?

அடிப்படை ஒன்று, நுணுக்கம் வேறு. ஸ்பிரிண்ட் ஃபிரேம்தான் எல்லாவற்றிலும் குட்டை, நிமிர்ந்தது, தடித்த பைப். இரண்டு பேர் மட்டும் ஓடும் அந்தப் பந்தயத்தில் முதலில் போக யாருக்கும் விருப்பமில்லை, பின்னால் வருபவருக்குக் காற்றுத்தடை குறைவு. அதனால் வளைவிலேயே வண்டியை நிறுத்தி, பெடலை முன்னும் பின்னும் அசைத்து நின்றுகொண்டிருப்பார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இத்தாலியின் பெட்டெனெல்லாவும் பிரான்சின் த்ரான்தாவும் ஏறத்தாழ 22 நிமிடம் அப்படி நின்றார்கள். சரிவில் நிற்கிற வண்டிக்கு உயரமான பிபி ஏன் வேண்டும் என்பது இப்போது இன்னும் விளங்கும்.

பர்சூட்டில் தனியாக 4 கி.மீ. ஒரே சீராகப் போக வேண்டும். நேராக ஓடுவது முக்கியம், அதனால் சற்று நீளம் கூடும். 1980களில் காற்றுத்தடையைக் குறைக்க முன் சக்கரத்தைச் சின்னதாக்கி, மேல் பார் முன்பக்கம் சரியும்படி கட்டினார்கள். இரு சக்கரமும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்று உலக சைக்கிள் பந்தய அமைப்பான யுசிஐயின் விதி வந்த பிறகு அந்த வகை நின்றுபோனது.

விசித்திரமானது மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓடும் பந்தயத்தின் ஃபிரேம். முன் சக்கரம் சின்னது, ஃபோர்க் பின்னோக்கித் திரும்பியிருக்கும்! மோட்டார் சைக்கிளின் பின்னால் உள்ள உருளைக்கு எவ்வளவு கிட்டே போகிறோமோ அவ்வளவு காற்று மறைவு. ஃபோர்க்கைத் திருப்பியதால் ஓட்டுபவர் முன்னால் வந்துவிடுகிறார். நான்காம் கேள்வியின் கணக்கில் வளைவைக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிப் பாருங்கள், ட்ரெயில் எகிறும், அந்த வேகத்தில் வண்டி தண்டவாளத்தில் போவது போல நேராகப் போகும். இப்படி ஒரு ஃபிரேம் கிடைத்தால் ஃபோர்க் தப்பாக மாட்டியிருக்கிறது என்று நினைத்து முன்னால் திருப்பிவிடாதீர்கள்.

கெய்ரின் 1948-ல் ஜப்பானின் கொகுராவில் தொடங்கிய சூதாட்டப் பந்தயம். பணம் கட்டுகிறவர்களுக்குச் சமநீதி வேண்டும் என்பதால் பாகங்கள் எல்லாம் அங்கீகாரம் பெற்றவையாக இருக்க வேண்டும். அதற்கு என்.ஜே.எஸ். முத்திரை. இரும்பு ஃபிரேம், ஓட்டுபவரின் உடலுக்கு அளவெடுத்துக் கட்டுவது. நம் பக்கம் வருகிற நல்ல ஃபிரேம்களில் பல இந்த வகைதான். யாரோ ஒருவரின் உடம்புக்குத் தைத்த சட்டை என்பதை மறக்க வேண்டாம், சீட் பைப் நீளம் ஒத்துப்போனாலும் மேல் பார் ஒத்துப்போகாது.

11. கோணத்தை வச்சே எந்த வருஷத்து ஃபிரேம்னு சொல்லிடலாமா?

தோராயமாக. 1900-ஐ ஒட்டிய ஃபிரேம்களில் ஹெட் பைப் நன்றாகச் சாய்ந்திருக்கும், வீல்பேஸ் நீளம். 1930களில் 71, 72 டிகிரிக்கு வந்து, போருக்குப் பிறகு 73, 74 என்று நிமிர்ந்தது. கூடவே மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரெனால்ட்ஸ் 531 என்கிற ஆங்கிலேய எஃகுக் குழாய் வந்தது 1935-ல். பின் ஸ்லாட்டுகளுக்கு நடுவே 110 மி.மீ. இருந்தால் பெரும்பாலும் பழைய ஆங்கிலேய ஃபிரேம், பிறகு 120 நிலைபெற்றது.

பழைய ஆங்கிலேய ஃபிரேம்களில் மட்டும் கோணத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. அங்கே கிளப் ஓட்டுநர்கள் வார நாளில் வேலைக்குப் போன வண்டியிலேயே ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குப் போவார்கள். பந்தயச் சக்கரங்களை முன் அச்சில் மாட்டிய தாங்கியில் வைத்துக்கொண்டு ஓட்டிப்போய், அங்கே சக்கரத்தை மாற்றி, பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓடுவார்கள். அதனால் மட்காட் மாட்டும் கண், பிரேக் துளை, பின்னோக்கிய ஸ்லாட் எல்லாம் ஒரே ஃபிரேமில் இருக்கும். கோணம் ரோடு வண்டியைப் போல மிதமாக இருக்கும். கேட்டால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன், நம் சாலைக்கு இதைவிடப் பொருத்தமான ட்ராக் ஃபிரேம் இல்லை.

12. வீட்டிலேயே அளவு எடுக்க என்னென்ன வேணும்?

டேப், தூக்குக்குண்டு, ரசமட்டம், கைபேசியில் கோணம் காட்டும் செயலி. இரு சக்கரமும் மாட்டி, ரசமட்டம் வைத்துச் சமமான தரை என்று உறுதி செய்துகொண்டு வண்டியைச் சுவரில் சாய்க்காமல் நேராக நிறுத்துங்கள். கைபேசியை ஹெட் பைப்பின் முன்பக்கம் ஒட்டிவைத்துப் பாருங்கள், பைப்புகள் சேரும் இடத்து உறையான லக் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். சீட் பைப் அளவை பிபி நடுவிலிருந்து மேல் பாரின் நடுவரை எடுத்தீர்களா, உச்சிவரை எடுத்தீர்களா என்பதையும் எழுதிவையுங்கள். விற்பவரும் வாங்குபவரும் வேறு வேறு விதத்தில் அளந்து சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஃபிரேம் நேராக இருக்கிறதா என்பதற்கு நூல் போதும். ஒரு பக்கப் பின் ஸ்லாட்டில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய் ஹெட் பைப்பைச் சுற்றி, மறுபக்க ஸ்லாட்டுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் பைப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளங்கள். ஒரு மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை. மூன்று நான்கு என்றால் பின்பகுதி ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது.

ஃபோர்க் வளைவுக்கு மட்டும் ஓசூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போங்கள். சமதள மேசையில், வி-பிளாக்கில் ஃபோர்க்கின் ஸ்டெம் பைப்பை (ஹெட் பைப்புக்குள் போகும் பகுதி) படுக்கவைத்து, அதன் நடுக்கோட்டின் உயரத்தையும் அச்சு உட்காரும் இடத்தின் உயரத்தையும் எடுத்தால் வித்தியாசம்தான் வளைவு.

13. நான் அளந்தா 77 டிகிரி வருது! அபூர்வமான ஃபிரேமா இது?

சந்தோஷப்படும் முன் கீழ் பாரின் அடிப்பக்கம், ஹெட் லக்குக்குச் சற்றுப் பின்னால், நகத்தை வைத்து நெடுக ஓட்டிப் பாருங்கள். சின்ன மேடு தட்டுகிறதா? பெயின்ட் சுருங்கினாற்போல இருக்கிறதா? மேல் பாரின் அடியிலும் பாருங்கள். இருந்தால் அந்த வண்டி எங்கேயோ நேராக மோதியிருக்கிறது. மோதும்போது ஹெட் பைப்பின் கீழ்முனை பின்னால் தள்ளப்படும், கோணம் நிமிரும், வீல்பேஸ் குறையும். அபூர்வமான 77 டிகிரியில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவைதான். புதிதாகப் பெயின்ட் அடித்த ஃபிரேமில் கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள்.

ஃபிரேம் சரியாக இருந்து ஃபோர்க் மட்டும் பின்னால் மடங்கியிருப்பதும் உண்டு. அப்போது ஃபோர்க் கால் ஹெட் பைப்பின் நேர்க்கோட்டிலிருந்து கிரவுனுக்கு (இரு கால்களும் மேலே சேரும் இடம்) கீழேயே விலகத் தொடங்கும். நல்ல ஃபோர்க்கில் மேல்பாதி ஹெட் பைப்போடு ஒரே கோட்டில் வந்து, கீழேதான் வளையும்.

14. ஃபோர்க் போச்சு, ரோடு ஃபோர்க் ஒண்ணு இருக்கு. மாட்டிக்கலாமா?

மாட்டலாம், ஆனால் வண்டி மாறிவிடும். ரோடு ஃபோர்க்கில் பிரேக்குக்கு இடம் விட்டிருப்பதால் 10 மி.மீ. வரை நீளம் கூடும். 970 மி.மீ. வீல்பேஸில் முன்பக்கம் 17 மி.மீ. உயர்ந்தால் கோணங்கள் ஒரு டிகிரி சாயும், 10 மி.மீட்டருக்கு அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல். வளைவு 45 என்பதால் 74.5 டிகிரி ஹெட் பைப் 74 ஆகி, ட்ரெயில் 50 மி.மீ. பக்கம் இறங்கும். ஹேண்டில் இலகுவாகும், கைவிட்டு ஓட்டினால் அலைபாயும். முன் சக்கரம் தள்ளிப்போவதால் ஏழாம் கேள்வியின் ஷூ தொல்லை கொஞ்சம் குறையும். பிரேக்கும் மாட்ட முடியும். சாலையில் ஓட்டுபவருக்கு இது மோசமான பேரம் இல்லை.

15. இங்க கிடைக்கிற 28 இன்ச் சக்கரம் உள்ளே போகுமா?

போகாது. பெரிய சைக்கிளின் 28க்கு ஒன்றரை டயர் உட்காரும் ரிம் விட்டம் 635 மி.மீ. ட்ராக் சக்கரம் 622. ரிம்மைவிடப் பெரிய தடை டயரின் தடிமன். 23, 25 மி.மீ. டயருக்கு மேல் இந்த ஃபிரேம்களில் இடம் இருக்காது.

16. வலப்பக்க பிபி கப்பு அசையவே இல்லை. பைப் ஸ்பேனர் போட்டுப் பார்த்துட்டோம்.

எந்தப் பக்கம் திருப்பினீர்கள்? ஆங்கிலேய, ஜப்பானிய ஃபிரேமில் வலப்பக்கம் இடப்புரி, கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். இத்தாலிய ஃபிரேமில் இரு பக்கமும் வலப்புரி. பிபி கூட்டின் அகலத்தை அளந்தால் தெரியும்: 68 மி.மீ. என்றால் பெரும்பாலும் ஆங்கில மறை, 70 என்றால் இத்தாலிய மறை. அளந்த பிறகு ஸ்பேனரை எடுங்கள்.

17. அரை மணி நேரம் ஓட்டினா உள்ளங்கை மரத்துப்போகுது. சீட்டைப் பின்னால தள்ளினா சரியாகுமா?

கொஞ்சம் சரியாகும். சீட் பைப் ஒரு டிகிரி நிமிர்ந்தால், 700 மி.மீ. உயரத்தில் உட்காரும் இடம் 12 மி.மீ. முன்னால் வரும். 75 டிகிரி சீட் பைப்பில் உட்காருபவர் 73-ல் உட்காருபவரைவிட ஓர் அங்குலம் முன்னால் இருக்கிறார், பாரம் கைக்கு இறங்குகிறது. ஸ்பிரிண்ட் பந்தயம் சில நிமிடத்தில் முடிந்துவிடும், அதை ஓட்டுபவருக்குக் கை மரத்துப்போகும் முன் வேலை முடிந்தது. பின்னால் வளைந்த சீட் போஸ்ட் போடுங்கள், ஹேண்டிலை உயர்த்துங்கள். அதற்கு மேல் அந்த ஃபிரேமிடம் கேட்க முடியாது.

18. பிரேக் இல்லாம தொப்பூர் இறங்கலாமா? பெடலை அழுத்தி நிறுத்திக்கலாம்னு ஃப்ரெண்டு சொல்றான்.

கூடாது. 48க்கு 16 பல் போட்டால் மிதிக்கு 6.3 மீட்டர் போகும். 40 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 106 சுற்று, சமாளிக்கலாம். சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் 60 தொடுவதற்கு முயற்சியே வேண்டாம், அப்போது 159 சுற்று. கால் பெடலோடு ஓட முடியாமல் தடுமாறும் வேகம் அது, அந்த நிலையில் எதிர்த்து அழுத்துவது எப்படி? பக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிகளே பிரேக் பிடிக்காமல் கவிழ்கிற சாலை. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் பாதைக்கும், அஞ்செட்டி மலைப்பாதைக்கும் இதே பதில்தான்.

சமதளத்திலும் முன் பிரேக் ஒன்று வேண்டும் என்பது என் கட்சி. செயின் அறுந்தாலோ நழுவினாலோ கால் பிரேக் அதோடு போய்விடும்.

19. அப்போ ட்ராக் ஃபோர்க்லயே துளை போட்டு பிரேக் மாட்டிடலாமே?

துளை போடத் திட்டமிடாத கிரவுனைத் துளைத்தால் பலம் குறையும், ஃபிரேமின் விலையும் போகும். உருண்டைக் கால் ஃபோர்க்கைக் கழற்றி எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்துவிட்டு, பிரேக் துளையுள்ள வேறு ஃபோர்க்கை, பதினான்காம் கேள்வியின் கணக்கைப் பார்த்து, மாட்டுங்கள். ஆர்க் வெல்டிங் பக்கம் மட்டும் போகாதீர்கள். ரெனால்ட்ஸ் 531 போன்ற மெல்லிய குழாய்கள் லக்கில் பித்தளையோ வெள்ளியோ உருக்கி இணைப்பதற்குச் செய்தவை. ஆர்க் சூட்டில் இணைப்பை ஒட்டிய இடம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கேஸ் வைத்துப் பித்தளைப் பற்று போடத் தெரிந்த பழைய ஆட்கள் கிருஷ்ணகிரியிலும் இன்னும் இருக்கிறார்கள்.

20. பழசு வேணாம், அதே மாதிரி புதுசா ஒண்ணு கட்டச் சொல்லலாம்னு இருக்கேன். என்ன அளவு கொடுக்கட்டும்?

நம் சாலைக்கு என்றால் பழைய ஸ்பிரிண்ட் ஃபிரேமை அப்படியே நகல் எடுக்கச் சொல்லாதீர்கள். ஹெட் பைப் 74 டிகிரி, ஃபோர்க் வளைவு 38. ட்ரெயில் 57 மி.மீ. பக்கம் வரும். சீட் பைப் 73. பிபி அச்சுக் கோட்டுக்கு 60 மி.மீ. கீழே, கிராங்க் 165. பின்பகுதி 400, 28 மி.மீ. டயர் தாராளமாகச் சுற்றும்படி. பிபியிலிருந்து முன் அச்சுக்கு 590-க்குக் குறையாமல், மேல் பார் நீளத்தை அதற்கேற்பக் கட்டுநர் பார்த்துக்கொள்வார். பின் ஸ்லாட் இடைவெளி 120, இல்லாவிட்டால் ட்ராக் ஹப் உட்காராது. முன் ஃபோர்க்கில் பிரேக் துளை.

பார்வைக்கு இதுவும் ட்ராக் ஃபிரேம்தான், மேல் பார் தரைக்குச் சமமாக, பின் ஸ்லாட் பின்னோக்கி. கட்டுநர் கொடுக்கும் வரைபடத்தில் ஃபோர்க் நீளத்தை, கிரவுனிலிருந்து அச்சு வரை, எழுதித்தரச் சொல்லுங்கள். பலர் அதை விட்டுவிடுவார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.